பஞ்சர் அக்காவின் ஏழாம் தட்டு

12-06-2000: வேலையில் சேர்ந்த நாள்.
11 மாதம்: ஓர் உத்தரவின் ஆயுள்.
18: 29-01-2016 வரை பெற்ற உத்தரவுகள்.
3,106: 29-02-2016 வரை நிரப்பிய தட்டுகள்.
2,95,282: அவற்றில் இட்ட இலைத்துண்டுகள்.
3: எழுத்தில் உள்ள தவறுகள்.
11-03-2016: நேர்முகத் தேர்வு.
17-04-2017, 22-05-2017: ஓட்டுநர் தேர்வில் தோல்வி.

இந்த எண்கள் எல்லாம் ஒருவருடையவை. எங்கள் தானிய ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் காவலர் விழிப்பார். பஞ்சர் அக்கா என்று சொன்னால், "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நேரா போங்க, ரெண்டாவது பசுமைக்கூடம், நீலக் கதவு" என்பார்.

அவருடைய வேலை இலையில் ஓட்டை போடுவது. கோதுமை நாற்றுக்கு மூன்று வாரம் ஆனதும் அதன் இலையை இடது கையில் பிடித்து, வலது கை இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்துவார். டக் என்று மிளகளவு பச்சை வட்டம் ஒன்று பிளாஸ்டிக் தட்டின் குழிக்குள் விழும். இடுக்கியை ஈரத்துணியில் ஒருமுறை, உலர்ந்த துணியில் ஒருமுறை துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போவார். ஒரு தட்டில் எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி, ஆக தொண்ணூற்றாறு குழிகள். தட்டின் நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அந்த மூலையை ஒட்டியது ஒன்றாம் குழி. நிரம்பிய தட்டுகள் வேறொரு நகரத்தில் உள்ள சோதனைக்கூடத்துக்குப் போகும். எந்தச் செடியில் எந்த மரபணு இருக்கிறது என்று அங்கிருந்து பட்டியல் வரும்.

அவர் சேர்ந்த முதல் வாரத்தில் டிராக்டர் ஓட்டுபவர் பசுமைக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். வரிசை வரிசையாக எல்லா நாற்றிலும் ஒரு வட்ட ஓட்டை. "யாரும்மா இது, செடிக்கெல்லாம் பஞ்சர் பண்ணி வச்சிருக்கிறது?" என்று கேட்டார். மாலை டீ நேரத்துக்குள் பெயர் நிலைத்துவிட்டது. கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர் என்று தெரிந்த பிறகு அதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

அதற்கு முன் அவர் ஒரு தையல் ஆலையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நேர்காணலில் என்ன வேலை தெரியும் என்று கேட்டதற்கு, "ஓட்டை போடத் தெரியும் சார், ஒரே அளவா" என்று சொன்னாராம். கோதுமை டாக்டர் அப்போதே எடுத்துக்கொண்டார். கோதுமை டாக்டர் என்றால் எங்கள் நிலையத்தில் புதிய கோதுமை ரகங்களை உருவாக்கும் பிரிவின் தலைவர். மருந்து எழுதித் தரமாட்டார்.

வீட்டில் இந்த வேலையை மதித்தவர் கணவர் ஒருவர்தான். மாடியில் குடியிருந்த கணவரின் தங்கைக்கு அது தீராத வேடிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலையத்தின் பதிவேட்டறையைக் கவனிக்கும் நான் ஏதோ விளக்கம் கேட்டுவர அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது கூடத்தில் இந்தப் பேச்சு நடந்தது.

"இலையில ஓட்டை போட ஒரு ஆளா அண்ணி? பூச்சி சும்மாவே போட்டுட்டுப் போகுமே!"

"பூச்சி எந்தச் செடியில போட்டேன்னு எழுதி வைக்காதேம்மா."

"சரி, அந்த இலையை வச்சு என்னதான் பார்க்கறாங்க?"

"கோதுமைக்குத் துரு நோய் வரும். அதைத் தடுக்கிற மரபணு மூணு இருக்கு. ஒன்னு மட்டும் இருந்தா நோய் நாலஞ்சு வருஷத்துல வழி கண்டுபிடிச்சு உள்ள வந்துடும். மூணும் இருந்தா திணறும். இப்ப உங்க வீட்டு வாசலுக்கு மூணு பூட்டு போட்டிருக்கேன்னு வை. திருடன் முதல் பூட்டைப் பார்த்துட்டே திரும்பிப் போயிடறான். உள்ள இன்னும் ரெண்டு இருக்கா இல்லையான்னு தெருவுல நிக்கறவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதேதான். வயல்ல நின்னு பார்த்தா ஒரு பூட்டு உள்ள செடியும் மூணு பூட்டு உள்ள செடியும் ஒரே மாதிரி பச்சையா இருக்கும். இலையை அரைச்சு மார்க்கர் வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

மார்க்கர் என்றால் என்ன என்பதைக் கோதுமை டாக்டர் பார்வையாளர்களுக்கு வேறு விதமாகச் சொல்வார். தேடும் வீட்டின் எண் தெரியாது, ஆனால் அதற்குப் பக்கத்து வீட்டில் சிவப்புக் கதவு என்று தெரியும். சிவப்புக் கதவைக் கண்டுபிடித்துவிட்டால் தேடிய வீடும் அங்கேதான். மரபணுவுக்கு மிக அருகில் இருக்கும் அந்தச் சிவப்புக் கதவுதான் மார்க்கர்.

பஞ்சர் அக்கா முதல் 212 தட்டுகளில் தொண்ணூற்றாறு குழிகளையும் நிரப்பினார். 2001-ஆம் ஆண்டு இரண்டு தட்டுகளின் ஒட்டுச்சீட்டுகள் மாறிப்போய், 192 நாற்றுகளில் மறுபடி ஓட்டை போட வேண்டியதாயிற்று. எழுத்தில் உள்ள முதல் தவறு அது. 213-ஆவது தட்டிலிருந்து ஒவ்வொரு தட்டிலும் ஒரு குழியைக் காலியாக விட ஆரம்பித்தார். ஒரு தட்டில் 40, அடுத்ததில் 71, அதற்கடுத்ததில் 9 என்று ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடம். எந்தத் தட்டில் எது காலி என்று தன் ஏட்டில் எழுதிக்கொள்வார். பட்டியல் வந்ததும் "மாதிரி இல்லை" என்று எந்தக் குழிக்கு நேரே வந்திருக்கிறது என்று பார்த்து, ஏட்டோடு ஒத்துப்போனால் ஒரு டிக் போடுவார். டிக் விழுந்த பிறகுதான் பட்டியல் என் பதிவேட்டறைக்கு வரும்.

கோதுமை டாக்டருக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை.

"ஒரு குழியை ஏன் வீணாக்கறீங்க? அதுல ஒரு செடி போகலாமே."

"சீட்டு ஒட்டினா உரியும் சார். பேர் எழுதினா அழியும். காலி இடத்தை என்ன பண்ண முடியும்?"

டாக்டர், வீட்டிலும் இப்படித்தான் பேசுவீர்களா என்று கேட்டார். வீட்டில் இதைவிட மோசம் என்று பதில் வந்தது.

இனி 2016, பிப்ரவரி. டாக்டரின் ஒரு கலப்பில் மட்டும் 950 நாற்றுகள், பத்துத் தட்டுகள். துரு நோய்க்கான மூன்று மரபணுக்களும் குறைவில்லாமல் ஒன்றுசேர்ந்த செடி சராசரியாக அறுபத்து நான்கில் ஒன்றுதான் கிடைக்கும். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிடுங்கிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த விதைப்புக்குப் பசுமைக்கூடத்தில் மேசை தேவை. டாக்டர் ஆறு ஆண்டுகளாகச் செய்துவந்த கலப்பின் முடிவு அந்தப் பத்துத் தட்டுகளில் இருந்தது.

அதே மாதம் தலைமையகத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. நீண்ட காலமாகத் தற்காலிகமாக இருப்பவர்களில் ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், 11-03-2016 நேர்முகத் தேர்வு. வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அன்றைக்குப் பஞ்சர் அக்காவுக்கு நாற்பத்தைந்து ஆக ஏழு மாதம் இருக்கும். அதாவது இன்னொரு வாய்ப்பு வந்தால் அதற்குள் வயது தாண்டிவிடும். பதினாறு ஆண்டுகளாகப் பதினோரு மாத உத்தரவு முடிந்ததும் ஒரு நாள் வீட்டில் இருந்து, மறுநாள் புது உத்தரவோடு வருவார். அந்த ஒரு நாளும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள் என்று அவருடைய கணவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். போட்டிக்கு இருந்தவர் வானிலைக் கருவி பார்ப்பவர் ஒருவர்தான்.

பட்டியல் 07-03-2016 மாலை வந்தது. பத்துப் பக்கம். முதல் பக்கத்தில் சுருக்கமாகத் தேர்வான பதினாறு செடிகளின் எண்கள். ஏழாம் தட்டிலிருந்து இரண்டு: 14, 61. மறுநாள் காலை பஞ்சர் அக்கா சான்றிதழ்களைக் காட்ட நிர்வாக அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தார். டாக்டர் சுருக்கப் பக்கத்தைத் தோட்டக்காரர் கையில் கொடுத்து, "இந்தப் பதினாறைத் தனியா எடுத்து வச்சுட்டு மத்ததைக் காலி பண்ணிடுங்க" என்றார். டிக் இன்னும் விழவில்லை என்பது அவருக்கு நினைவில்லை.

11.40-க்குப் பஞ்சர் அக்கா பட்டியலோடு என் அறை மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ஒன்று முதல் ஆறு வரை டிக், டிக் என்று போய்க்கொண்டிருந்த பேனா நின்றது.

"அண்ணே, இங்க பாருங்க. ஏழாம் தட்டுல நான் காலி விட்டது 17. இவங்க 80 காலின்னு போட்டிருக்காங்க."

"17-க்கு என்ன போட்டிருக்கு?"

"ரெண்டு மரபணு இருக்காம். செடியே இல்லாத இடத்துக்கு ரிசல்ட்! பிறக்காத பிள்ளைக்கு மார்க் ஷீட் வந்திருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு பேனா முனையால் காற்றில் எதையோ கணக்குப் பார்த்தார். பதினேழும் எண்பதும் தொண்ணூற்றேழு. தட்டை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் ஒன்றாம் குழி இருந்த இடத்தில் தொண்ணூற்றாறு வரும், இரண்டின் இடத்தில் தொண்ணூற்றைந்து வரும். எந்த எண்ணையும் 97-இல் கழித்தால் அதன் எதிரிடம்.

"அப்ப 14 இல்ல, 83. 61 இல்ல, 36." நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அண்ணே, பிடுங்கிட்டாங்களா?"

பிடுங்கிவிட்டார்கள். தோட்டக்காரர் சுறுசுறுப்பானவர். எட்டுத் தட்டுச் செடிகள் கைவண்டியில் போய் உரக்குழியில் கிடந்தன. தேர்வான பதின்மூன்று போக 747 செடிகள். நல்ல வேளையாக, எண்சீட்டு தண்டிலேயே கட்டப்பட்டிருந்தது, வேரில் மண்ணும் ஒட்டியிருந்தது.

"என்னம்மா நீ, ஒரு வேலையை ஒழுங்கா முடிச்சாக்கூடத் தப்பா?" என்றார் தோட்டக்காரர்.

"ஒழுங்கா முடிச்சதுதான் பிரச்சினையே. இறங்குங்க குழியில."

வீட்டில் மறந்துவிட்ட பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கணவர் அப்போது வந்தார். மாலைப் பணிக்கான சீருடையில் இருந்தார். அதையும் பார்க்காமல் குழியில் இறங்கிவிட்டார். டாக்டர் காலுறையைக் கழற்றிவிட்டு இறங்கினார். நான் கரையில் உட்கார்ந்து, அவர்கள் எடுத்துத் தரும் ஏழாம் தட்டுச் செடிகளை எண்வாரியாக அடுக்கினேன்.

12.25-க்குக் கணவரின் குரல் கேட்டது. "ஏழு, முப்பத்தாறு! இறங்கறவங்கெல்லாம் இறங்கிக்கலாம்!"

"எல்லாரும் இறங்கித்தான் இருக்கோம். 83-ஐத் தேடுங்க" என்றார் மனைவி.

அது 1.50-க்குக் கிடைத்தது. மற்றவை முழங்கால் உயரம் இருக்க, இது அதில் பாதி. இரண்டு இலை மஞ்சள். டாக்டர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருக்கு 14-ஆம் எண் செடிமேல் ஏற்கெனவே ஆசை விழுந்திருந்தது. நல்ல பச்சை, அகன்ற இலை, நிமிர்ந்த தண்டு.

"இதுவா? பக்கத்துல நின்னு யாராவது தும்மினாலே விழுந்துடுமே."

"மாப்பிள்ளை பார்க்கவா வந்தோம் சார்? பூட்டு மூணும் இருக்கான்னுதானே பார்க்கறோம்" என்றார் பஞ்சர் அக்கா. இரண்டையும் புதுத் தொட்டியில் நட்டு நிழலில் வைத்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி எடுத்த இலைகள் அவர் சொன்னதை உறுதி செய்தன. 14-இல் ஒரே ஒரு மரபணுதான் இருந்தது.

இதுவரை எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். டாக்டர் கையைக் கழுவிவிட்டுச் சோதனைக்கூடத்துக்குத் தொலைபேசி போட்டார். ஒலிபெருக்கியை அழுத்தியிருந்ததால் என் அறையில் இருந்த நால்வருக்கும் கேட்டது.

"தட்டைத் தலைகீழா வச்சிருக்கீங்க மேடம். ஆறு வருஷ உழைப்பு குப்பைக்குப் போயிருக்கும்!"

சோதனைக்கூடத்தின் பொறுப்பாளர் பெண்மணி குரலை உயர்த்தவில்லை. "டாக்டர், எங்க இயந்திரத்துல வெட்டுமூலைக்கு ஒரு தடுப்பு இருக்கு. தலைகீழா வச்சா தட்டு உள்ளேயே போகாது. வேணும்னா நேர்ல வந்து உங்க கையால முயற்சி பண்ணிப் பாருங்க. தப்பு உங்க பக்கம்தான்."

"எங்க பக்கமா? எங்க ஆள் பதினாறு வருஷமா..."

பஞ்சர் அக்கா ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். ஏழாம் தட்டு எடுத்த நாள் 10-02-2016. ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஒரு வரி: "காலை குழாய் உடைந்து என் பக்கம் தண்ணீர். மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்தேன்."

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வெட்டுமூலை எப்போதும் நீலக் கதவைப் பார்த்திருக்க வேண்டும். தினமும் ஒரே நாற்காலியில் உட்காரும் வரை அது சரி. அன்று மேசைக்கு எதிர்ப்பக்கம் போனபோதும் கை பழக்கப்படி வெட்டுமூலையைக் கதவுப் பக்கமே வைத்துவிட்டது. உட்கார்ந்தவர் திரும்பினார், தட்டு திரும்பவில்லை. இடது மேல்மூலையில் அவர் ஒன்று என்று எண்ணிய குழி உண்மையில் 96.

"சார், கொஞ்சம் இருங்க" என்று போன் பக்கம் குனிந்தார். "மன்னிச்சுக்கோங்க மேடம், தப்பு உங்களோடது இல்ல. என்னோடது."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண்மணி, "காலிக் குழியை ஒவ்வொரு தட்டுலயும் மாத்தி மாத்தி விடறது நீங்கதானா? நாங்க கைமறதின்னு நினைச்சோம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

டாக்டர் கதவைச் சாத்தினார்.

"இங்க பாருங்கம்மா. செடி கிடைச்சிடுச்சு. யாருக்கும் நஷ்டமில்ல. வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. இதை ஏன் எழுதணும்?"

எங்கள் நிலையத்தில் தவறு நடந்தால் மஞ்சள் சீட்டு எழுத வேண்டும், மூன்று படி. ஒன்று பட்டியலோடு, ஒன்று பிரிவுத் தலைவருக்கு, ஒன்று எழுதியவருடைய பணிக்கோப்புக்கு. வெள்ளிக்கிழமை தேர்வுக்குழுவின் மேசையில் இருக்கப்போவது அந்தக் கோப்பு.

கணவரும் மெல்லச் சொன்னார். "திங்கக்கிழமை எழுதினா ஆகாதா?"

பஞ்சர் அக்கா சேற்றுக் கையைப் புடவையில் துடைத்தார். பிறகு சொன்னார்: "சோதனைக்கூடத்துப் பட்டியல்ல 14 நல்ல செடின்னு அச்சடிச்சு இருக்குங்க. அது அண்ணன் அறையில நாப்பது வருஷம் இருக்கும். சீட்டு இல்லாம உள்ள போனா, நாளைக்கு எவனோ ஒருத்தன் எடுத்துப் பார்த்து 14-ஓட விதையைத் தேடுவான். தேதி திங்கக்கிழமைன்னு போட்டா, செவ்வாய்க்கிழமையிலிருந்து திங்கள் வரைக்கும் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேட்பாங்க. அண்ணே, மஞ்சள் புக்கைக் குடுங்க."

கொடுத்தேன். 08-03-2016, பிற்பகல் 2.40. எழுதியது ஒன்பது வரி.

"உன்னைக் கட்டிக்கிட்டவன் பாவம்" என்றார் கணவர்.

"அதையும் தேதி போட்டு எழுதிக் குடுங்க, கோப்புல வச்சுக்கறேன்."

அன்று இரவு வீட்டில் நாத்தனார் அண்ணனையும் அண்ணியையும் சேர்த்தே திட்டித் தீர்த்ததாகவும், திட்டி முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை கட்டிக்கொண்டு போகத் தன் நல்ல புடவையைக் கொண்டுவந்து வைத்ததாகவும் பின்னால் தெரிந்தது.

நேர்முகத் தேர்வில் தட்டு ஏடுகளைப் பார்க்க வேண்டும் என்று குழு கேட்டதால் நானும் அறைக்குள் இருந்தேன். மூன்று பேர். நடுவில் இருந்தவர் வெளியூர்க்காரர், வழுக்கைத் தலை, நல்ல சிரிப்பு. முதலில் போன வானிலைக் கருவிக்காரர் பதினான்கு ஆண்டுகளில் தவறே செய்ததில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"நீங்க எத்தனை தவறு செஞ்சிருக்கீங்க?"

"எழுதி வச்சது மூணு சார். எழுதாதது எத்தனைன்னு எனக்குத் தெரியாது."

"மூணும் என்ன?"

சொன்னார். 2001-இல் சீட்டு மாறியது. 2008-இல் இரண்டு செடிகளுக்கு ஒரே எண். மூன்றாவது, மூன்று நாள் பழையது. நடுவில் இருந்தவர் மஞ்சள் சீட்டைக் கையில் எடுத்தார்.

"தட்டு தலைகீழானா அஞ்சாவது குழி எங்க போகும்?"

"92."

"28?"

"69."

"சரி, தலைகீழா இல்லாம, கால்பங்கு திருப்பி, குறுக்கே வச்சுட்டா?"

"தட்டு நீளம் சார். குறுக்கே வச்சா பெட்டி மூடாது. மூடினா அது நம்ம பெட்டி இல்ல."

மூவரும் சிரித்தார்கள். ஆனால் ஓரத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். அது நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு கடிதங்கள். முதல் கடிதம் 04-04-2016: மஞ்சள் சீட்டு பற்றி எழுத்துமூலம் விளக்கம் தரவும். பஞ்சர் அக்கா நிர்வாக அலுவலரிடம் போய், "சீட்டுலயே விளக்கமா எழுதியிருக்கேனே சார்?" என்று கேட்டார்.

"நீங்க தப்பு செஞ்சதுக்கு இல்லம்மா. கேட்காமலே ஒருத்தர் தப்பை ஒத்துக்கிட்டா அதுக்குன்னு எங்ககிட்ட படிவம் கிடையாது. கோப்பு அடுத்த மேசைக்கு நகரணும்னா எதையாவது கேட்டாகணும்."

இரண்டாம் கடிதம் 20-06-2016: பரிசீலனையில் உள்ளது. அக்டோபரில் அவருக்கு நாற்பத்தைந்து ஆயிற்று. 28-12-2016 பதினெட்டாவது உத்தரவு முடிந்தது. வழக்கம்போல ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்தார். பத்தொன்பதாவது உத்தரவு வரவில்லை. நிரந்தரக் கோப்பு தலைமையகத்தில் இருக்கும்போது தற்காலிக உத்தரவு போட முடியாதாம். பன்னிரண்டு நாள் வீட்டில் இருந்தார். பசுமைக்கூடத்தில் அந்த நாட்களில் ஓட்டை போட்ட டாக்டர், நாலாம் நாள் கட்டைவிரலில் கட்டோடு என் அறைக்கு வந்து, "இதை எப்படி அவங்க பதினாறு வருஷம் பண்ணாங்க?" என்று கேட்டார்.

10-01-2017 மூன்றாம் கடிதம் வந்தது. நிரந்தரம்! பஞ்சர் அக்கா முதல் வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் வரியை நான்தான் படித்துச் சொன்னேன். பதவி: ஓட்டுநர், நிலை இரண்டு. தட்டு நிரப்புவதற்கென்று எங்கள் நிலையத்தில் பதவியே கிடையாது, காலியாக இருந்தது அது ஒன்றுதான், அதில் உட்கார்த்திவிட்டார்கள். மூன்றாம் வரி: ஆறு மாதத்துக்குள், அதாவது 09-07-2017-க்குள், ஓட்டுநர் உரிமம் தராவிட்டால் உத்தரவு ரத்தாகும்.

வீட்டில் கணவர் கடிதத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடிச்சிருக்கேன், நான் இன்னும் நிலை மூணு. இவ ஒரு நாள் ஏறி உட்காரல, நிலை ரெண்டு!"

"அண்ணே, இனிமே அண்ணிக்கு நீ சல்யூட் அடிக்கணும்" என்றார் தங்கை.

நிலையத்தின் பழைய ஜீப்பில், வயல்களுக்கு நடுவே உள்ள மண் பாதையில், ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் நடந்தது. டிராக்டர் ஓட்டுபவர் வேடிக்கை பார்க்க நாற்காலி போட்டுக்கொண்டார்.

"கிளட்ச்சை மெதுவா விடு."

"மெதுவான்னா எத்தனை எண்ணணும்?"

"எண்ணக் கூடாது. காலுக்குத் தெரியும். உணரணும்."

"உணர்ந்ததை எப்படிங்க எழுதி வைக்கிறது?"

ஜீப் குலுங்கி நின்றது. "அக்கா, பஞ்சரா?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

முதல் தேர்வில் எல்லா விதியையும் கடைப்பிடித்து மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போனார். பின்னால் ஒன்பது வண்டிகள் நின்றன. தேர்வாளர் கொட்டாவி விட்டுவிட்டு, இறங்கச் சொன்னார். இரண்டாவது தேர்வில் வேகம் சரியாக இருந்தது, கம்பம்தான் குறுக்கே இருந்தது. மூன்றாவதும் கடைசியுமான தேர்வு 06-07-2017 என்று குறித்துக் கொடுத்தார்கள். தவறினால் மூன்று நாளில் உத்தரவு போய்விடும். பழைய பதினோரு மாதத் தொடரும் அறுந்துவிட்டது, அதில் புதிதாகச் சேர வயது இல்லை. ஜூன் மாதம் முழுவதும் அவர் சிரிப்பது குறைந்தது. ஆனால் ஒரு தட்டை நிரப்ப அவர் எடுக்கும் ஐம்பத்தைந்து நிமிடம் ஒரு நிமிடம்கூட மாறவில்லை.

இதற்கிடையே எங்களுக்குத் தெரியாமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. சோதனைக்கூடத்துப் பொறுப்பாளர் பெண்மணி, அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு மறுவாரமே தலைமையகத்துக்கு எழுதியிருக்கிறார். "எங்களுக்குத் தட்டு அனுப்பும் பதினொரு நிலையங்களில் பிழையைத் தாங்களே கண்டுபிடித்துச் சொன்னது ஒரே ஒரு நிலையம். மற்ற பத்தில் பிழையே நடக்கவில்லை என்று நாங்கள் நம்பவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் இந்த வேலைக்கென்று பொறுப்பான ஒருவர், அதற்கென்று ஒரு பதவி வேண்டும்." இப்படி எழுதி, மஞ்சள் சீட்டின் நகலையும் இணைத்திருக்கிறார். பதில் வராமல் இன்னும் இரண்டு முறை எழுதியிருக்கிறார். எங்கள் டாக்டர் தன் பங்குக்கு ஏழு கடிதம் எழுதினார் என்பது எனக்குத் தெரியும், அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்றியது நான்தான்.

ஜூலை முதல் வாரம் பஞ்சர் அக்கா மூன்றாவது தேர்வுக்காக விடுப்பு விண்ணப்பம் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போன சிறிது நேரத்தில் அஞ்சல்காரர் வந்தார். நீள உறை, தலைமையக முத்திரை. நிர்வாக அலுவலர் பிரித்துப் படித்துவிட்டு, படிவம் எதையும் தேடாமல், நேரே பசுமைக்கூடத்துக்கு நடந்தார். நீலக் கதவைத் திறந்து, வாசலில் நின்றபடியே உரக்கப் படித்தார். பதினொரு நிலையங்களிலும் புதிதாக ஒரு பதவி ஏற்படுத்தப்படுகிறது: மாதிரித் தட்டு உதவியாளர். எங்கள் நிலையத்தில் அப்பதவியில், 10-01-2017 முதலே நிரந்தரமாக, இவர் அமர்த்தப்படுகிறார். ஓட்டுநர் உரிமம் தேவையில்லை.

"கொஞ்சம் இருங்க சார், இந்த வரிசை முடிச்சுட்டு வந்துடறேன்" என்றார் பஞ்சர் அக்கா. ஆறு குழிகள் பாக்கி இருந்தன. ஆறையும் முடித்து, இடுக்கியை ஈரத்துணியில் துடைத்து, உலர்ந்த துணியில் துடைத்து, ஏட்டில் எழுதிவிட்டுத்தான் எழுந்தார். பிறகு கடிதத்தை வாங்கிக்கொண்டு, நாங்கள் அத்தனை பேரும் பார்க்க, அழுதார், சிரித்தார், கணவருக்குத் தொலைபேசி போட்டு, "என்னங்க, ஜீப்பைக் குடுத்துடலாம்" என்றார்.

நான் அறைக்குத் திரும்பி, வரும் தபால் பதிவேட்டில் அந்த உறையை ஏற்றினேன். வரிசை எண் 1,187. அனுப்பியவர்: தலைமையகம். வந்து சேர்ந்த நாள்: 04-07-2017.